டைமிங் சரியில்லை என்று எழுதிய புத்தகங்கள்

என் அப்பா எந்தப் புத்தகத்தையும் முன்பக்கத்திலிருந்து திறந்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பக்கங்களில் பெயர்களை அகர வரிசையில் போட்டிருப்பார்களே, நேராக அங்கேதான் போவார். எண்ணெய்க் கறை படிந்த விரல் ஒரு பெயரைத் தேடி இறங்கும். கிடைத்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டி, கடையில் நின்றபடியே படிப்பார். அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வருமா வராதா என்பது அப்போது முடிவாகிவிடும்.

எல்லாமே ஒரு ராக் குழுவின் வாழ்க்கை வரலாறுகள். இங்கிலாந்துக்காரர்கள், உலகம் அறிந்தவர்கள். எங்கள் வீட்டில் அந்தக் குழுவுக்குப் பெயரே கிடையாது. 'அவனுங்க' என்றால் அவர்கள்தான். ஆனால் அப்பா தேடிய பெயர் புகழ்பெற்றவர்களில் ஒருவருடையது அல்ல. புகழ் வருவதற்குச் சற்று முன்னால் குழுவிலிருந்து அனுப்பப்பட்ட டிரம்மருடையது. அவரை ஏன் அனுப்பினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் எழுதியிருப்பார்கள். 'டைமிங் சரியில்லை' என்று எழுதியிருந்தால் அப்பாவுக்கு அது பொய்ப் புத்தகம். குழுவை ஒரேயடியாகப் புகழ்ந்திருந்தால், "இவன் புக்கு எழுதல, மாலை கட்டுறான்" என்பார். எங்கள் அலமாரியின் மேல்தட்டில் அவர் ஒப்புக்கொண்டவை நாலைந்துதான் இருந்தன. அன்பளிப்பாக வந்த பொய்கள் எல்லாம் கீழே.

அப்பாவின் பெயர் பாஸ்கல். மலேசியாவில், செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இளம் வயதில் தோட்டத்துப் பையன்களோடு ஒரு பேண்ட் வைத்திருந்தார். அவர் கித்தார். நான் பிறந்தபோது அந்தக் கித்தார் தந்தியில்லாமல் துணி அலமாரிமேல் கிடந்தது. பேண்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். யாரோ அவரை வெளியே தள்ளியிருக்க வேண்டும், அதனால்தான் அந்த டிரம்மருக்காக இவ்வளவு கோபப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். யாரும் சொன்னதில்லை. நானே கட்டிக்கொண்ட கதை.

தஞ்சோங் மாலிமில் வரலாறு படித்து, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியானேன். முதல் சம்பளத்தில் அவனுங்களைப் பற்றிப் புதிதாக வந்திருந்த தடிமனான வரலாற்று நூல் ஒன்றை வாங்கி வந்தேன். அப்பா பின்பக்கத்தைத் திறந்தார். விரல் இறங்கியது. பக்கத்தைப் படித்துவிட்டு மேசையில் போட்டார்.

"இவனும் அதே கதைதான்."

"ஆதாரம் காட்டியிருக்காருப்பா. கூட வாசிச்சவங்களே சொல்லியிருக்காங்க, பாருங்க."

"வெளிய தள்ளுனவனுங்கதான? அவனுங்க வேற என்னா சொல்லுவானுங்க?"

"அப்ப யாரத்தான் நம்புறது?"

"டிகிரி எடுத்தது நீ. நீயே சொல்லுலா."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அந்தப் புக்க வாஷிங் மெஷின் காலுக்கு வைடி ஷார்மேன். ஆட்டமாச்சும் நிக்கட்டும்."

நான் சிரித்தேன். தோற்றவன் பக்கம் நிற்கிற மனிதர் என் அப்பா என்று அன்று பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு கப்சாய் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. பாதுகாவலர் சீருடையில் ஒல்லியான ஒருவர் இறங்கி, "பங்காளி!" என்று கூப்பிட்டார். அம்மாவின் முகம் மாறியது. கூடத்துக் கட்டிலில் இருந்த அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

"நான் மாயாண்டி, பாப்பா. ஒங்கப்பனுக்குப் பின்னால ஒக்காந்து டிரம்ஸ் வாசிச்சவன்." அலமாரியைப் பார்த்துச் சிரித்தார். "இத்தனையும் அவனுங்க புக்கா? இவன் அப்பவே பைத்தியம்லா."

தேநீர் கொடுத்தேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ தூங்கலன்னு தெரியும் பங்காளி. தூங்குனா கொறட்ட விடுவ. சண்டைக்கு வரல, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். டைமிங் நிக்கல, இனிமே வரவேணாம்னு சுகுமாரன வுட்டுச் சொல்லி அனுப்புனியே. நெசமாவே நிக்கலயா?"

அப்பாவின் இமைகள் அசைந்தன.

"அன்னிலேர்ந்து குச்சியத் தொடல. பேத்தி பொறந்தநாளுக்கு எல்லாரும் கைதட்டிப் பாடுறாங்க, எனக்குத் தட்ட பயமா இருக்கு. எங்கயாச்சும் பிசகிருமோன்னு கைய மடியில வச்சிக்கிறேன். நிக்கலன்னாலும் சரி, நின்னுச்சுன்னாலும் சரி. நீயே ஒரு வார்த்த சொல்லிரு."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாயாண்டி அங்கிள் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுப்படியில் அம்மாவைப் பிடித்தேன்.

"டைமிங்கா? மாயாண்டி அண்ணன் வாசிச்சா லயத்து வீட்டுக் கோழிகூட தலையாட்டும்," என்றார் அம்மா. "ஈப்போவுல லாரிங்க வச்சிருந்த ஒரு தவுக்கே, பெரிய மொதலாளி, வீட்டுக் கல்யாணம். நம்ப தமிழாளுதான், பெரிய எடம். மேடையில மைக்க சரி பாக்குறப்ப அண்ணன், 'பங்காளி, சத்தம் பத்துதா?'ன்னு மைக்குலயே கேட்டுட்டாரு. அவுங்கப்பா தோட்டத்துல சாவுக்குப் பறையடிக்கிறவருன்னு அங்க நாலு பேருக்குத் தெரியும். அவருக்கு இவரு பங்காளின்னா, இவரு யாரு? அன்னிக்கு பேண்டுக்காரங்களுக்குச் சாப்பாடு கொட்டகைக்கு வெளிய வந்துச்சு."

"நம்ம தாத்தாவும் பறையடிச்சவரா?"

"பின்ன? ஞானஸ்நானம் வாங்குனா எல்லாம் மறைஞ்சிரும்னு ஒங்கப்பா நெனச்சிருந்தாரு. மறுவாரமே கீபோர்டு வாசிச்ச சுகுமாரன வுட்டு, அண்ணன வரவேணாம்னு சொல்லிட்டாரு. அண்ணன் போன பொறவு ஒரு வருசங்கூட பேண்டு நிக்கல."

பொய்ப் புத்தகங்களை அப்பாவால் எப்படி உடனே கண்டுபிடிக்க முடிந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது அவர் சொன்ன பொய். அந்தப் பக்கங்களில் அவர் எதைத் தேடினார் என்பதுதான் இன்னும் புரியவில்லை. தள்ளியவன் ஒருநாள் நேரில் போய்ப் பேசினான் என்று எழுதிய புத்தகத்தையா? அல்லது தள்ளியவனைத் திட்டி எழுதிய புத்தகத்தையா? மேல்தட்டுப் புத்தகங்களைப் படித்துப் பார்த்தேன். அவை டிரம்மருக்காக வருத்தப்பட்டன, அவ்வளவுதான். வருத்தப்படுகிறவர்களோடு சேர்ந்து நிற்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கலாம்.

மறுநாள் டயாலிசிஸுக்குக் காரில் போகும்போது கேட்டேன்.

"நின்னுச்சுன்னு சொல்லிருங்கப்பா. அவர் கேட்டது அவ்வளவுதான்."

"அதச் சொன்னா, அப்ப ஏன் அனுப்புனேன்னு கேப்பான்."

"அதையும் சொல்லுங்க."

"ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

'அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை' என்று சொல்ல ஒரு சிக்னல் தாண்ட வேண்டியிருந்தது. அதுவரை எதை யோசித்துக்கொண்டிருந்தேன் என்று இன்னும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம் மாயாண்டி அங்கிள் மறுபடியும் வந்தார். கப்சாய் சத்தம் கேட்டதுமே அப்பா என்னிடம், "தூங்குறேன்னு சொல்லி அனுப்பிரு," என்றார். இந்த முறை சொல்லி அனுப்ப நான். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா தூங்குறாரு அங்கிள்," என்றேன். அவர் என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்த்தார். "கொறட்டையே கேக்கலியே பாப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வாரத்தில் அப்பா இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டுக் கலைந்த பிறகும் மாயாண்டி அங்கிள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றிருந்தார். அவரிடம் போனேன்.

"அங்கிள், ஒங்க டைமிங் நல்லா நின்னுச்சு. வேற காரணத்துக்காக ஒங்கள அனுப்பிட்டாங்க. அம்மா சொன்னாங்க."

அது என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஒங்கம்மா நல்லவங்க. அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார். "கூட நின்னு வாசிச்சவன் சொல்லணும் பாப்பா. கடைசியில ஏதாச்சும் சொன்னானா?"

"இல்ல அங்கிள்."

தலையை ஆட்டினார். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு என்னையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோரும் கைதட்டிப் பாடினோம். மாயாண்டி அங்கிளும் பாடினார், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு.