மூன்றாம் வரிசை

வண்டியில் யார் எங்கே உட்காருவது என்று எங்கள் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை, பேசாமலே தெரியும். ஓட்டுவது அக்காவின் கணவர். பக்கத்தில் அவருடைய அம்மா. நடுவில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். கடைசியில், மடக்கி விரிக்கும் இருக்கையில், பொங்கல் சட்டியை அணைத்துக்கொண்டு கல்யாணமாகாத நான். எனக்கு நாற்பத்தாறு வயது, சொந்தக் கார் உண்டு. ஆனாலும் குடும்பத்தோடு போனால் அந்த இடம்தான்.

அத்தான் அந்தப் பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கியதிலிருந்து வேறு பேச்சே இல்லை. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரமாம். "அஞ்சு ஸ்டார்லா! மலையில மோதுனாலும் ஒண்ணும் ஆகாது" என்று சாப்பாட்டு மேசையில்கூட சொல்வார். என் காருக்கு அவர் வைத்த பெயர் பிஸ்கட் டின்.

போன வருடம் அந்த வண்டியில் போகும்போது கோப்பெங் ஊர்ப் பக்கம் சிக்னலில் நின்றிருந்தோம். பின்னால் வந்த லாரி நிற்காமல் வந்து இடித்தது. முன்னால் இருந்தவர்களுக்குக் கழுத்துவலி, அவ்வளவுதான். எனக்கு இடுப்பெலும்பும் இடது காலும் உடைந்தன. பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பார்க்க வந்தவர்களிடம் அத்தான் சொன்னார்: "நல்ல வண்டிலா. பாருங்க, எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல."

நான் அங்கேதான் படுத்திருந்தேன். எனக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இருடா, உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று மனதுக்குள் அவரை ஒருமையில் திட்டினேன்.

மூன்று மாதம் படுக்கை. வேறு வேலையில்லாமல் அந்த மோதல் சோதனையின் வீடியோவைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். ஆட்களுக்குப் பதிலாக முன்னால் இரண்டு பெரிய பொம்மைகள், நடுவில் இரண்டு குழந்தைப் பொம்மைகள். மூன்றாம் வரிசை மடங்கிக் கிடந்தது. பக்கவாட்டுக் காற்றுப்பையும் அந்த வரிசைவரை நீளவில்லை. பின்னாலிருந்து எதையும் மோதவிட்டுப் பார்க்கவும் இல்லை. என் இடத்தில் ஒரு பொம்மையைக்கூட உட்கார வைக்கவில்லை.

பட்டறையிலிருந்து வண்டி திரும்பியதும் அத்தான் சிலிபின் கோயிலில் அதற்குப் பூசை போட்டார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் மாலை. பூசை முடிந்து, பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் கிளம்புவதாக ஏற்பாடு. ரப்பர் மரங்கள் போய் இப்போது எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ஆகிவிட்டது. கோயில் மட்டும் இருக்கிறது. சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்க, அத்தான் மறுபடியும் அஞ்சு ஸ்டாரை ஆரம்பித்தார். நான் ஊன்றுகோலோடு பிஸ்கட் டின்னில் வந்திருந்தேன்.

அப்போது அவர் எட்டு வயது மகளிடம், "சின்னம்மா அவங்க கார்லயே வரட்டும். நீ போயி அவங்க இடத்துல உட்காருமா, நடுவுல சாமி சாமானெல்லாம் வைக்கணும்" என்றார்.

"அவ வேணாம் அத்தான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னைக்கி நீங்க பின்னாடி உட்காருங்க. நான் ஓட்டுறேன். ஆட்டோ கியர்தானே, வலது காலு நல்லா இருக்கு."

"எனக்கு அங்க காலு நீட்ட முடியாதுலா."

"அஞ்சு ஸ்டாராச்சே, மலையில மோதுனாலும் ஒண்ணும் ஆகாதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு மாமா, "போ மாப்பிள்ளை, ஏறு" என்று அவர் முதுகைத் தட்டினார். அத்தான் அக்காவைப் பார்த்தார். இருபது வருடமாக அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத என் அக்கா, கற்பூரத் தட்டில் குங்குமத்தோடு கிடந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

நெடுஞ்சாலையில் நான் வேண்டுமென்றே இடதுபக்கத் தடத்தைப் பிடித்தேன். அது லாரிகள் போகும் தடம். வேகம் எண்பது, குற்றம் சொல்ல முடியாது. கண்ணாடியில் அவர் தெரிந்தார். முழங்கால் மார்பில் முட்ட, பொங்கல் சட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு லாரிக்கும் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தார். நெற்றி வியர்த்திருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மறைப்பதற்கில்லை.

"அப்பா, ஏன் பயப்படுறீங்க?" என்று மகள் கேட்டாள்.

அவர் சட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், "இங்க பிள்ளைய உட்கார வைக்கக் கூடாதுலா" என்றார்.

அப்போதும் அவருக்கு என் ஞாபகம் வரவில்லை.