பெரிய டிரம் விழும் வரை

பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பெண்ணின் நெற்றியும் இரண்டு கண்களும் மட்டுமே தெரியும். கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இரண்டு. நடுவில் இருப்பதெல்லாம் டிரம்தான். அதைத் தூக்கிக்கொண்டு அவள் முதல் தடவை மைதானத்தில் நடந்தபோது, எதிரில் கல் கிடந்தால் என்ன செய்வாள், தடுக்கி விழுந்தால் முன்பல் போய்விடுமே என்று நானும் பக்கத்திலேயே ஓடினேன். கணக்கு வாத்தியாரான எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. "சார், நீங்க ஓரமா நில்லுங்க. நீங்க ஓடுறதப் பாத்து சிரிச்சிக்கினே அதுங்க ஸ்டெப்ப வுட்டுடுதுங்க" என்றார் டிரில் டீச்சர்.

அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிகளின் பேண்டு போட்டிகளைப் பார்த்துவிட்டேன். எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாதவன் என்பதால் மதிப்பெண் போட என்னைக் கூப்பிடுவார்கள். யார் கால் தப்பியது, எந்த வரிசை வளைந்தது, எந்த சைடு டிரம் முந்தியது என்று குறித்துக் கொடுத்துவிட்டு வருவேன். இன்றைக்கு அவற்றில் பலவும் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. ஒரு பிழையும் இல்லாமல் நடந்த அணிகள்தான் முதலில் மறந்துபோயின. மனதில் நிற்பது ஒன்றே ஒன்று. அதை நடத்தியவர் டிரில் டீச்சர். அதனால் அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் உயர்நிலைப் பள்ளி வடக்கனந்தல் பக்கத்தில் இருந்தது. டீச்சர் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்தவர். அங்கே லாரிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்ததாலோ என்னவோ, விசில் இல்லாமலே மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி கூப்பிடுவார். ஸ்டோர் ரூமில் தூசி தின்றுகொண்டிருந்த டிரம்களை எடுத்துத் துடைத்து, பெண்களை மட்டும் வைத்து ஒரு பேண்டு அமைத்தார். அவர் அமைத்த நேரம்தான் சரியில்லை. அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். சாலையோரத்துப் புளியமரங்கள் குறுக்கே வெட்டிக் கிடக்கும். பஸ் வருமா என்று கேட்பதையே விட்டுவிட்டோம். ஊர்த்தெருவில் வீட்டுக்கு ஒருவர் மறியலுக்குப் போனார்கள். காலனியில் இருட்டுவதற்குள் கதவைச் சாத்தினார்கள். கேட்டது நியாயமா, கேட்ட முறை நியாயமா என்பதைப் பற்றி அன்றைக்கே ஆசிரியர் அறையில் தேவைக்கு மேல் பேசித் தீர்த்துவிட்டோம். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. வகுப்பில் நேற்றுவரை கலந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, பெஞ்சு மாறி உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

பேண்டில் அப்படி மாறி நிற்க முடியாது. உயரப்படிதான் வரிசை. பெரிய டிரம் யாருக்கு என்பதற்கு டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கோலைக் கொடுத்து, மைதானத்தை ஒரு சுற்று முடியும் வரை ஒரே வேகத்தில் அடிக்கச் சொன்னார். வாட்சைப் பிடித்து அடிகளை எண்ணுவது என் பொறுப்பு. எல்லாப் பெண்களும் பாதிச் சுற்றுக்குள் வேகம் பிடித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் மாடு மாதிரி, முடிவு கண்ணில் பட்டதும் கால் பறக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தொடங்கிய வேகத்திலேயே முடித்தாள். மறுபடி அடிக்கச் சொன்னோம். மறுபடியும் அப்படியே. அவள் காலனிப் பெண்.

மறுநாளே ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய மகள் சைடு டிரம்மில் முதல் வரிசை. மூத்த மகன் மறியலில் பிடிபட்டு கடலூர் ஜெயிலில் இருந்தான். பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவர் மாதிரி கண் சிவந்திருந்தது.

"இன்னா டீச்சர், அந்தப் புள்ள அடிக்கிற அடிக்கு எம் பொண்ணு கால் தூக்கி வைக்கணுமா?"

"ஆமாங்க. உங்க பொண்ணு அடிக்கிற அடிக்கும் இவங்கள நடக்க வுட்டுப் பாத்தேங்க. முன்னாடி போறவ குதிமேல பின்னாடி வர்றவ ஏறிட்டா. இதோ, சாரு எண்ணி வச்சிருக்காரு, கேளுங்க."

நான் எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க நெலம தெரியாம பேசுறீங்க" என்றார். பிறகு, "வூட்ல அது காலையிலேர்ந்து சோறு தின்னாம அழுதுகினு கெடக்குது, பேண்ட வுட்டு நிக்க மாட்டேன்னு" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். மகளை நிறுத்தவில்லை.

இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். எனக்கு அப்படி நினைப்பு வந்தால் ஏதாவது வரும் என்று அர்த்தம். கள்ளக்குறிச்சியில் நடக்கவிருந்த பேண்டு போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரிய டிரம் பெண்ணின் அப்பா வந்தார். சர்க்கரை ஆலைக்குப் போகும் லாரிகளில் கரும்பு ஏற்றுபவர். கேட்டுக்கு உள்ளே வரவில்லை.

"நாளைக்கு எம் பொண்ணு வராது டீச்சர்."

டீச்சர் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். காரணம் கேட்டார்.

"எங்கப்பன் சாவுக்கும் சாமிக்கும் பறை அடிச்சிக்கினு இந்த ஊரு முன்னாடி நடந்தாரு. கூலிய தூர நின்னு தூக்கிப் போடுவாங்க. அவரு செத்தன்னிக்கு அந்தப் பறைய அவரு கூடவே வச்சிக் கொளுத்திட்டேன். எம் பொண்ணு படிக்கணும்னு இஸ்கூலுக்கு அனுப்பினா, நீங்க அது கையில கோலக் குடுத்து வச்சிருக்கீங்க."

டீச்சர் சொன்னார்: "அண்ணே, அது வேற இது வேறன்னு நான் சொல்ல மாட்டேன். அதுவும் தோலுதான், இதுவும் தோலுதான். ஆனா இங்க அவ அடிக்காம ஒருத்தியும் கால கீழ வைக்க மாட்டா. அத மட்டும் ஒரு தடவ வந்து பாத்துட்டு, அப்புறம் நிறுத்துங்க."

"பாக்கிறதுக்கு இன்னா இருக்குது? வராதுன்னா வராது."

டீச்சர் சொன்னது வாய்ப்பேச்சு அல்ல. போட்டிக்கான எங்கள் நிகழ்ச்சியின் நடுவில் அவர் ஒரு கட்டம் வைத்திருந்தார். வேகமாக வந்து மைதானத்தின் ஓரத்தில் திரும்பியதும் சைடு டிரம் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். எல்லோரும் இடது முழங்காலைத் தூக்கி அப்படியே நிற்பார்கள். பெரிய டிரம்மில் ஒரு அடி விழுந்தால் கால் இறங்கும், அடுத்த கால் எழும். மறு அடி விழும் வரை அந்தக் கால் அந்தரத்தில் நிற்கும். பெரிய டிரம் விழாமல் எவள் கால் விழுந்தாலும் அன்றைக்குச் சுண்டல் கிடையாது என்பது டீச்சர் வைத்த சட்டம்.

காலையில் டிராக்டரில் ஏறிய பெண்களை எண்ணினேன். சரியாக இருந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். பெரிய டிரம் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா ராத்திரி லோடுக்குப் போனவரு இன்னும் வரல. அம்மாதான் தலை பின்னி அனுப்பிச்சுது சார்" என்றாள். கள்ளக்குறிச்சி போய்ச் சேரும் வரை, லாரிகள் எதிரில் வரும்போதெல்லாம் நான் அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

வழியில் மரம் கிடந்ததால் பாதி அணிகள் வரவில்லை. மலையிலிருந்து பஸ் இல்லாமல் வெள்ளிமலைப் பிள்ளைகள் டிரம்மைத் தலையில் வைத்துக் கீழே வரைக்கும் நடந்தே வந்திருந்தார்கள். அவர்கள் வாசித்து முடித்து எங்கள் அணி இறங்கும்போது பக்கவாட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா வந்து நின்றார். சட்டையெல்லாம் கரும்புச் சோகை. நான் ஓடினேன்.

"அண்ணே, முடிஞ்சதும் கூட்டிக்கினு போங்க. இப்ப வேணாம்."

"வுடுங்க சார்" என்று வேலிக் கம்பியை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்தார்.

அந்த நேரத்தில்தான் அணி எங்கள் ஓரத்துக்கு வந்து திரும்பியது. சைடு டிரம்கள் நின்றன. எல்லா இடது முழங்காலும் எழுந்தன. கோலை ஓங்கிய அந்தப் பெண் பக்கவாட்டில் திரும்பியதில் அப்பாவைப் பார்த்துவிட்டாள். கோல் ஓங்கிய இடத்திலேயே நின்றது.

என் மனதில் எண்ணிக்கை ஓடியது. விழ வேண்டிய இடம் வந்தது, போனது. அடுத்ததும் போனது. ஒருத்தி காலும் கீழே வரவில்லை. முதல் வரிசையில் அந்த ஊர்த்தெருப் பெண்ணின் தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை நேரே வைத்து, தூக்கிய கால் தூக்கியபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அப்படியே. மைதானத்தின் எதிர் ஓரத்தில் டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சைகையும் செய்யவில்லை.

வேலிக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால் என்று நின்ற அவளுடைய அப்பாவும் அந்தக் கால்களைத்தான் பார்த்தார். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் அவர் பார்வை போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

"அடி பாப்பா!" என்று கத்தினார். "அதுங்க எம்மா நேரம் ஒத்தக் காலுல நிக்கும்? அடி!"

அடி விழுந்தது. எல்லாக் கால்களும் ஒரே காலாக இறங்கின. அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டேனா, காலடி மண் வழியாக உணர்ந்தேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் மூச்சு விட்டது. அதற்குப் பிறகு அவள் ஒரு அடி பிசகவில்லை.

தாளம் நின்றதற்கும் வெளியிலிருந்து குரல் வந்ததற்கும் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். கடைசிக்கு முந்தின இடம். வெள்ளிமலைப் பிள்ளைகள் கோப்பையோடு மலைக்குப் போனார்கள். நான் நடுவராக இருந்திருந்தாலும் அதே மதிப்பெண்தான் போட்டிருப்பேன். இப்போதைய போட்டிகளில் நட்சத்திர வடிவம் போடுகிறார்கள், கோலை மேலே எறிந்து பிடிக்கிறார்கள். எல்லோர் கையிலும் செல்போன் இருப்பதால் கைதட்டக் கை இல்லை. பிள்ளைகள் நன்றாகத்தான் செய்கிறார்கள், எங்கள் அணியைவிட நன்றாக. ஆனால் அடுத்த அடி விழும் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு அது தெரியவில்லை. அது விழ வேண்டும் என்று அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. இப்போதும் நடுவராகப் போய் உட்காரும்போதெல்லாம், இந்த அணியில் யாருக்காவது அப்படி ஒரு காரணம் இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் உட்காருகிறேன்.

எல்லாம் முடிந்ததும் அவளுடைய அப்பா டீச்சரை நோக்கி வந்தார். நான் பயந்துபோய் நடுவில் போய் நின்றேன். அவர் என்னை விலக்கிவிட்டு, மகளின் தோளிலிருந்து டிரம்மை அதன் தோல்வாரோடு கழற்றித் தன் தோளில் மாட்டிப் பார்த்தார். மகளின் கழுத்தோரம் சிவந்து தடித்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"டீச்சர், அடுத்த வருசத்துக்கு இந்த வார கொஞ்சம் அகலமா போடுங்க. புள்ளைக்குத் தோள அறுக்குது."