ஏரிக்கரை வீட்டு விருந்தாளிகள்

வாலாஜாபாத் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கு நாரையும் வக்காவும் வர ஆரம்பித்ததிலிருந்து தீபாவளிக்கு இங்கே யாரும் வெடி வெடிப்பதில்லை. பறவை மிரளும். எவனாவது ஓர் ஊசி வெடியைக் கொளுத்தினால் முதலில் சண்டைக்குப் போகிறவள் கிருஷ்ணவேணிதான். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

கரையோரம் அவளுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு. புருஷன் போன பிறகு சும்மா கிடந்தது. கோயிலுக்கும் பட்டுச்சேலைக்கும் காஞ்சிபுரம் வருகிறவர்கள் தங்கட்டும் என்று வாடகைக்கு விட்டாள். போன மார்கழியிலிருந்து சென்னைக்காரர் ராமராஜனும் சிநேகிதர் இருவரும் சனிக்கிழமைதோறும் வந்தார்கள். சேலை எடுக்க வருகிறவன் நீளப் பையும் ரப்பர் பூட்ஸுமாகவா வருவான்? அவள் கேட்கவில்லை. ஒருநாள் ராமராஜன் கிண்ணத்தில் வறுவல் கொடுத்து, "கினிக்கோழிமா, சாப்பிட்டுப் பாருங்க" என்றார். சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள்.

மறுநாள் வீடு பெருக்கும்போது கட்டிலுக்கடியில் சாம்பல் நிற இறகுகள், ஒரு நாரைக் கால். வாந்தி எடுத்தாள். அந்த நீளப் பையில் இருந்தது ஏர்கன், அதனால்தான் ஊருக்குச் சத்தமே கேட்கவில்லை என்பதும் புரிந்தது. இனி வராதே என்று சொல்ல வேண்டியவள், வாடகையை நினைத்து, "போவும்போது வூட்ட நீங்களே பெருக்கிட்டுப் போங்க" என்றாள். தெரியாமல் தின்றது ஒருநாள். தெரிந்தே இடம் கொடுத்தது மூன்று மாதம்.

பறவை குறைவது ஊர்க் கண்ணில் பட்டது. ஏரிச் சங்கம் காவலுக்கு வைத்திருந்த முனிரத்தினத்தைக் கூட்டத்தில் நிறுத்தினார்கள். இளவயசில் கண்ணி வைத்துக் கொக்கு பிடித்தவன், அதுவும் காலனிக்காரன். சந்தேகப்பட எங்கள் ஊருக்கு அது போதாதா!

"வெளியாளுங்க யாரோ வந்து சுடறாங்கண்ணா. கரையிலயே கிருஷ்ணவேணிம்மா வூடு இருக்குது. அவங்களையே கேளுங்க. அவங்க பொய் சொல்லமாட்டாங்க" என்றான்.

சங்கத் தலைவர் கண்ணாயிரம் அவள் பக்கம் திரும்பினார். "உன் வூட்டுக்கு வரவங்க ஏரியில எறங்கறாங்களாமா?"

"சேலை எடுக்க வரவங்கண்ணா. ஏரிப் பக்கமே போறதில்ல." மூன்று மாதமாகச் சொல்லிப் பழகியது, தடுமாறாமல் வந்துவிட்டது.

"அப்போ வெளியாளு யாரும் இல்ல. இவன்தான்" என்றார் கண்ணாயிரம். முனிரத்தினத்தின் வேலை அங்கேயே போயிற்று.

அன்றைக்கே போன் போட்டு ராமராஜனை இனி வரக்கூடாது என்று திட்டித் தீர்த்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கதவைச் சாத்திக்கொண்டு, பாவி, பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். கதவைத் திறந்துகொண்டு கண்ணாயிரம் வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை.

மறுநாள் முனிரத்தினம் வாசலில் வந்து நின்றான். கையில் காவல்காரன் விசில்.

"சங்கத்துல உங்களாண்ட குடுக்கச் சொன்னாங்கமா. இனிமே நீங்கதான் ஏரியப் பாத்துக்கணுமாம்."

"முனிரத்தினம், நேத்து நானு…"

"வுடுங்கமா. நீங்க பாத்திருந்தா சொல்லாமலா இருந்திருப்பீங்க?"

அவள் கை நீட்டி விசிலை வாங்கிக்கொண்டாள்.