எட்டு வயதுக் கொம்புகள்

கொதிக்கிற ஆட்டுத்தலையின் நாற்றம் மூக்கோடு நிற்காது, நாக்கிலும் வந்து ஒட்டும். எண்பதுகளில், நான் அகதியாய் வந்திறங்கிய சோலோதுர்ன் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில் எனக்கு அந்த வேலை. மலையில் வேட்டைக்காரர் சுட்ட ஸ்டைன்பொக் என்னும் காட்டு மலையாடுகளின் தலைகள் இலையுதிர் காலத்தில் வண்டியில் வரும். அவித்து, கொம்பைக் கழற்றி, கழுவி, வயதுப்படி அடுக்கவேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நான் கழுவிய கொம்பில் ஒரு மயிர் இருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

வயது பார்ப்பது பெரிய வித்தையில்லை. பனிக்காலத்தில் கொம்பு வளராமல் நிற்கும், அதில் ஒரு கோடு விழும். கோட்டை எண்ணினால் வயது. நுனியில் இருப்பது குட்டியில் வளர்ந்தது, அடியில் இருப்பது கடைசியாக வளர்ந்தது.

எங்கள் டொக்டர் விலங்குகளைப் பற்றிப் படித்தவர். ஒருமுறை வந்த கொம்புகளை அளந்து பார்த்தார். எட்டு வயதுக் கொம்புகள் ஏழு வயதுக் கொம்புகளைவிடக் கட்டை, நீளம் குறைவு. அதற்கு மேல் வயதானவை நாலைந்துதான் வந்திருந்தன. உடனே, எட்டு வயதோடு ஆடு தேய்ந்துபோகிறது என்று எழுதிவிட்டார். கொம்பு என்ன, வளர்ந்தபிறகு உள்ளே போகுமா? நுனி உடைந்ததோ என்று தடவிப் பார்த்தேன், இல்லை. மற்ற ஆடுகளில் முதல் இரண்டு வருசத் துண்டு ஒரு சாண் இருந்தது. இவற்றில் அரைச்சாண். பிறந்த வருசம் பனி மலையை விட்டுப் போகவில்லை போலும், தாய்க்குப் புல்லில்லை, குட்டிக்குப் பாலில்லை. இவை வயதுபோய்த் தேய்ந்தவை அல்ல, குட்டியிலேயே காய்ந்தவை.

வண்டி ஓட்டுகிற எங்கள் ஊர் அண்ணைக்கு, எனக்கு வராத டொச் பாஷை நன்றாக வரும். அவரிடம் சொன்னேன்.

“தங்கச்சி, அவர் டொக்டர். நீர் சட்டி கழுவுறனீர். பேசாமல் இரும்.”

“சட்டி கழுவுறவளுக்குத்தான் அண்ணை அடிபிடிச்சது தெரியும்.”

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒன்பது வயதுகள் கட்டை, எட்டு வயதுகள் நீளம். அந்தப் பனி வருசத்துக் குட்டிகள்தான் ஒரு வயது கூடி வந்திருக்கின்றன. டொக்டரோ, இந்த வருசம் புல் நல்லது, எட்டு வயதுகள் தேறிவிட்டன என்றார். முதலில் வயதின்மேல் பழி, பிறகு வருசத்தின்மேல். பிறந்த வருசத்தை வாயிலும் எடுக்கவில்லை. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிற சங்கதி. ஒன்றை மட்டும் இழுத்து இதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

எழுத்தோடு நின்றிருந்தால் நானும் என் பாட்டில் இருந்திருப்பேன். எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவற்றை முதலில் சுடலாம் என்று வேட்டைக்கு அனுமதி கொடுப்பவர்களுக்கும் கடிதம் எழுதினார்.

மூன்றாம் வருசம் வண்டி நிறைய எட்டும் ஒன்பதும். நுனியில் கைவைத்துப் பார்க்கிறேன், எல்லாம் முழுச்சாண். நல்லாயிருந்த சீவன்கள். நீளமானவற்றையும், அவற்றோடு வந்த, பனி வருசத்தில் பிறந்து இப்போது பத்து வயதான கட்டைக் கொம்புகளையும் மேலே கொண்டுபோய், டொக்டரின் மேசையில் பிறந்த வருசப்படி அடுக்கினேன்.

“இதிலை எது தேஞ்சது எண்டு காட்டச் சொல்லுங்கோ அண்ணை.”

“என்ரை வேலைக்கும் சேர்த்து உலைவைக்கிறீர்” என்று முணுமுணுத்துவிட்டு அண்ணை டொச்சில் சொன்னார்.

டொக்டரின் விரல் ஒரு நுனிக்குப் போனது. பிறகு மற்றதன் நுனிக்கு. அங்கேயே நின்றது. காது சிவந்தது. அவருக்கு விளங்கிவிட்டது, நான் கண்ணால் கண்டேன். பிறகு சட்டைப்பையிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“மணக்குதாம் தங்கச்சி. எடுத்துக்கொண்டு போகட்டாம்.”

விளங்காத மனிதர் என்றால் மன்னித்திருப்பேன். விளங்கியபிறகு விரலைத் துடைத்தாரே, அதை இந்த வயதில் நினைத்தாலும் எனக்கு அருவருக்கிறது. நான் ஒன்றையும் எடுக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றிக் கொம்புகளுக்குமேல் போட்டுவிட்டு, வேலையை விட்டே இறங்கிவிட்டேன். அப்போது விசாவும் கையில் இல்லை, வேறு வேலையும் இல்லை.

அடுத்த வருசம் பனி விழத் தொடங்கியபோது அண்ணையைக் கடைத்தெருவில் கண்டேன். டொக்டர் அந்தக் கடிதத்தை மாற்றினாரோ என்று கேட்டேன்.

“எங்கை மாத்தினவர்! இந்தமுறை தலை ஏத்த வண்டி ரெண்டு தரம் ஓடினது, தங்கச்சி.”