ஸவாஹிரா டீச்சரின் உளவியல் பரீட்சை

பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைகள் பதுளையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நிறையப் பேர். ஆனால் ஸவாஹிரா டீச்சரைப் போலப் பயந்தவரை நான் கண்டதில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்ததும் தன் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியில் எண்ணத் தொடங்கிவிடுவாள். கல்வி டிப்ளோமாவில் மற்றப் பாடமெல்லாம் பாஸ். உளவியலில், ஆய்வு முறைகளும் ஆய்வு ஒழுக்கமும் என்ற தாளில் மட்டும் ஒரு தடவை கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் தவறினால் டிப்ளோமாவே இல்லை. அது எழுபத்தாறாம் வருஷம்.

எழுத்துப் பரீட்சையோடு சொந்தமாக ஒரு சின்ன ஆய்வும் செய்து கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பரீட்சகர் அதைப் பற்றி நேரில் கேள்வி கேட்பார். தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஏன் இடையில் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பதை அவள் எடுத்துக்கொண்டாள். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். துணைக்குப் போனவள் நான். மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்ததும், வேலை வாங்கும் கங்காணியே தாய்மாரை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திவைத்தார். சிலருடைய பிள்ளைகளும் பக்கத்தில் நின்றன. எத்தனை பிள்ளைகள், எங்கே பிறந்தவர்கள், யார் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று ஸவாஹிரா கேட்கக் கேட்க, ஒருவர் விடாமல் பதில் சொன்னார்கள். இவ்வளவு நல்ல சனங்களா என்று பஸ்ஸில் வரும்போது அவள் பூரித்துப்போனாள். எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

பிறகு படிக்க உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு தீய்ந்தாலும் குறிப்புகளை விட்டு எழ மாட்டாள். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அவள் புருஷன் புஹாரி, வீடெல்லாம் உளவியல் மணக்கிறது என்று கேலி செய்தபடி கரிச்சட்டியைச் சுரண்டுவார். பரீட்சை நெருங்கிய பிறகுதான் குறிப்பில் ஆய்வு ஒழுக்கம் பற்றிய பக்கம் அவள் கண்ணில் பட்டது. ஆய்வு எதற்காக என்பதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். குறிப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். துரையிடம் சொல்லியிருந்தோம், கங்காணியிடம் சொல்லியிருந்தோம். அந்தப் பெண்களிடம் சொல்லவேயில்லை. கங்காணி நிறுத்திய வரிசையில் நின்றுகொண்டு எவள் முடியாது என்பாள்?

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளாதே, பேசாமல் பாஸ் பண்ணுகிற வழியைப் பார் என்றேன். கேட்டால்தானே. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் முதல் காம்பிரா அறை, அன்று களத்தில் நின்ற அங்கம்மாவுடையது. எங்களைக் கண்டதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். வாசலில் ஒரு தகரப் பெட்டி கயிறு போட்டுக் கட்டியபடி இருந்தது.

"எப்பங்க டீச்சரம்மா எங்கள அனுப்பப் போறாங்க?" என்றாள்.

எங்கே என்று ஸவாஹிரா கேட்டாள். இந்தியாவுக்குத்தான் என்றாள் அவள். இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்துத் தோட்டத்தில் கப்பலேறப் பத்திரம் வந்தவர்களிடமும் முதலில் இப்படித்தான் பிள்ளை எத்தனை, எங்கே பிறந்தது என்று எழுதிக்கொண்டு போனார்களாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது என் பரீட்சைக்காகக் கேட்டது என்று ஸவாஹிரா சொல்லச் சொல்ல, அங்கம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் இராக்கம்மாவை, நாங்கள் எழுதிக்கொண்டு போன பிறகு, கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகுதான் சொன்னாள்.

"நாங்க போனாலும் ஒரு புள்ளயாச்சும் இந்த மண்ணுல கெடக்கட்டும்னு அனுப்பிட்டேங்க."

ஸவாஹிரா அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. படிப்பை ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்கப் போன நாங்களே ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டு வந்திருந்தோம்.

புஹாரி விலாசத்தை வாங்கி, அங்கம்மாவின் புருஷன் அழகரையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறினார். ஸவாஹிரா மற்றத் தாய்மாரிடம் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் நீக்கிவிட்டாள். கடைசியில், இந்த ஆய்வினால் ஒரு பிள்ளை படிப்பை நிறுத்தியது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தாள்.

பரீட்சகர் நல்ல மனுஷர்தான். அந்த வரியை வெட்டிவிட்டால் பாஸ் போட்டுவிடலாம் என்றாராம். நடந்ததை வெட்ட ஏலாது என்று சொல்லிவிட்டு இவள் எழுந்து வந்திருக்கிறாள். அந்தத் தாளில் பெயில். டிப்ளோமா இல்லாமலே பென்ஷனும் வாங்கினாள். வெட்டியிருக்கலாம் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

அன்றுதான் புஹாரி கொழும்பிலிருந்து திரும்புவதாக இருந்தது. பரீட்சகரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் முதலில் அதைத்தான் என்னிடம் கேட்டாள்.

"ஸைனப், ரெயில் வந்திட்டா?" என்றாள்.

ஸ்டேஷனுக்கு ஓடினோம். புஹாரி இறங்கினார். பின்னால் அழகர், அவர் கையைப் பிடித்தபடி இராக்கம்மா. ஸவாஹிரா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனாள். பெரட்டுக் களத்தில் தாயோடு நின்ற பிள்ளை அவளை அடையாளம் கண்டுகொண்டது. தகப்பனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவரிடம் மெல்லக் கேட்டது.

"அப்பா, இவங்க மறுபடி எழுத வந்திருக்காங்களா?"