சங்குப் பீப்பாயும் கிரீம் சாஸும்

கேட்டரிங் படிக்கும் என் மகள் ஜெனிக்கு நாளை செய்முறைத் தேர்வு. ஒத்திகையாக, தடித்த மாட்டுக்கறித் துண்டை வாணலியில் வெண்ணெய் போட்டு வாட்டி, அதிலேயே கிரீமையும் ஊற்றினாள். வேகாத கறியிலிருந்து சிவப்பு கசிந்து, வெள்ளைச் சாஸ் ஓரமெல்லாம் கலங்கலாகக் கொதித்தது. எனக்குக் குமட்டியது.

சிறுவயதில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற பீப்பாயிலிருந்தும் இதே நிறத்தில்தான் நீர் வடியும். அப்பா சங்கு குளிப்பவர். கடலில் எடுத்த சங்குகளை அதில் போட்டு மூடிவைப்பார். உள்ளே சதை அழுகிக் கழன்றதும் கவிழ்ப்பார்; வெளுத்த கூழும் புழுவும் மண்ணில் வழியும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அவர் கையை விட்டு அந்த நாற்றம் போகாது.

எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு மதியம் அப்பா மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்ட வந்தார். வாயருகே வந்த அந்தக் கையிலேயே வாந்தி எடுத்தேன்.

"ஏலே, ஒங்கப்பன் கை அவ்வளவு கேவலமாப் போச்சோ?" என்று அம்மா அடிக்க வந்தாள்.

"விடுளா. எனக்கே நாறுது, பிள்ளைக்கு நாறாதா?" என்றார் அப்பா.

மறுநாள் முதல் எனக்குக் கரண்டியில்தான் ஊட்டினார். அந்தக் கரண்டியை இன்றும் மறக்க முடியவில்லை.

ஜெனி ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி நீட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கை பாதியில் நின்றது.

"பிடிக்கலையாப்பா?"

"கரண்டி வேண்டாம்ளா. கையால ஊட்டு."

அவள் விரல்களில் சாஸ் ஒழுகியது. வாங்கி, மெல்லாமல் விழுங்கினேன்.

"எப்படிப்பா இருக்கு?"

வாயைத் திறந்தால் வெளியே வந்துவிடும் என்று தலையை மட்டும் பலமாக ஆட்டினேன்.