ஆற்றுக்குப் போகாத போன்

ஒஸ்லோவில் குளிர்காலத்தில் யார் போனைத் தொடப் போனாலும் முதலில் வலக்கைக் கையுறையைப் பல்லால் கடித்து இழுப்பார்கள். டிராம் தரிப்பில் கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனிதர்கள்கூட வாயில் கையுறை தொங்க நிற்பார்கள். வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு ஒரு கடையில், விரல் நுனியில் மட்டும் வேறு நூல் வைத்துத் தைத்த கையுறை கண்டேன். அதைக் கழற்றாமலே போனை அமத்தலாம். யாரோ ஒருவர் தரிப்பில் நின்று, சனம் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுப் போய் அந்த நூலைத் தேடியிருக்கிறார். எனக்கு வந்தது எரிச்சல்தான். இவர்களுடைய குளிர்ந்த விரலுக்கு ஒருவர் நின்று பார்த்திருக்கிறார். ஊரில் மீன் பிடிக்கிற எங்கள் ஆட்களின் ஈர விரலுக்கு யார் நின்று பார்த்தது? நானும் பார்க்கவில்லை. பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

என் தொழில் பயனர் அனுபவ வடிவமைப்பு. பேர்தான் பெரிது. போனிலே எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதை அமத்தினால் என்ன வர வேண்டும் என்று தீர்மானிப்பது. அதற்கு முதல் வேலை, பாவிக்கப் போகிறவர் எப்படி வாழ்கிறார் என்று போய்ப் பார்ப்பது. படிக்கும்போது அதைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள். எங்கள் கம்பனிக்கு மட்டக்களப்பு வாவி மீனவர்களுக்கு இடி மின்னலை முன்கூட்டியே சொல்லும் ஒரு செயலி செய்யும் வேலை வந்தது. பொறுப்பாளர் ஹென்ரிக் என்னைப் பார்த்து, "நீ அந்த ஊர்க்காரி. நீயே எங்கள் பயனர். ஆய்வுக்கு யாரும் போகத் தேவையில்லை" என்றான். நான் மறுத்திருக்க வேண்டும். செட்டிபாளையத்தை விட்டு வந்து பதினெட்டு வருடம். ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த அறையில் என்னிடம் மட்டும் இருக்கிற ஒன்றை முதல்தடவையாகக் கேட்டார்கள்.

சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி அதில் மீனவர் ஒருவரை உருவாக்கினோம். பெயர் கந்தன், வயது நாற்பத்தைந்து, சொந்தமாக ஒரு ஸ்மார்ட்போன். "தோணியில் போனை எங்கே வைத்திருப்பார்?" என்று ஹென்ரிக் கேட்டான். "சட்டைப் பையில்" என்றேன். எங்கள் ஆட்கள் வாவிக்குச் சட்டை போட்டுப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அக்கா வீட்டில் ஒரு போன்தான் என்பதும் தெரியும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்தச் சனம் 'பாவம்' என்று தலையைச் சரித்துப் பார்க்கும் பார்வையை நான் அறிவேன். அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு பொய் மனிதனைச் செய்து சுவரில் ஒட்டினேன். மற்றவர்கள் அவனுக்காகத் திரை வரைந்தார்கள்.

திரை எளிமையாகத்தான் இருந்தது. மின்னல் நெருங்கினால் போன் அலறும். "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?" என்று கேட்கும். "ஆம்" என்று அமத்தினால் பச்சையாகி, "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள், நன்றி" என்று சொல்லும். எங்கள் ஊரில் சில வீடுகளில் போட்டுப் பார்த்தோம். முதல் எச்சரிக்கை போன பின்னேரம் எல்லாரும் உடனே "ஆம்" அமத்தியிருந்தார்கள். இங்கே ஹென்ரிக் கேக் வெட்டினான். எனக்குக் கை தட்டினார்கள். கேக்கைத் தின்றுவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, அந்த அலாரம் வந்ததா?"

"வந்திச்சு புள்ள. நாய்கூட எழும்பி ஓடிற்று. ஆம் எண்டு அமத்தினன்."

"நீங்களா அமத்தின?"

"வேற ஆரு? நான் குசினிக்குள்ள, அடுப்படியில. எனக்கு என்ன வரப்போகுது?"

"அத்தான்?"

"அவரு ஆத்தில." எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம்.

"போன்?"

"போனை ஆத்துக்கு ஆருகா கொண்டுபோற? தண்ணிக்குள்ள விழுந்தா நீயா வாங்கித் தருவாய்?" சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "கிழக்க கறுக்கிறதப் பாத்து வெடிய எடுத்துக்கொண்டு கரைக்குப் போக வெளிக்கிட்டனான். அதுக்குள்ள உன்ர போன் கத்திச்சு. அமத்தினன், பச்சையா வந்திற்று. நீங்கள் பாதுகாப்பா இருக்கிறீங்கள் எண்டு போட்டிருந்திச்சு. படிச்ச ஆக்கள் பாத்துச் சொல்லுறாங்களாக்கும் எண்டு வெடியத் திருப்பி வச்சிற்றன்."

அந்த வெடி என்னவென்று சொல்ல வேண்டும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல்வெளியில் யானை துரத்தக் கொளுத்தும் யானைவெடி. வானம் கறுத்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கரைக்குப் போய் அதில் இரண்டை அடுத்தடுத்துப் போடுவார்கள். தண்ணீரில் நிற்கிறவன் கேட்டவுடன் திரும்புவான். அன்றைக்கு வெடி கேட்காததால் அத்தான் வலையை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மின்னல் தலைக்கு மேலே வந்த பிறகு தோணிக்குள் குப்புறப் படுத்துக் கிடந்து தப்பியிருக்கிறார். என்னுடைய பச்சை நிறம் அக்காவின் கையிலிருந்து வெடியைப் பறித்திருக்கிறது.

அடுத்த நாள் கூட்டத்தில் சொன்னேன். ஹென்ரிக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் ஒரே போனில் இரண்டு கணக்குத் திறக்க விடலாமே" என்றான். போன் வீட்டில் இருக்கிறது, மனிதன் தண்ணீரில் இருக்கிறான் என்று மறுபடி சொன்னேன். "சரி, செயலிக்குள்ளேயே ஒரு கேள்விக்கொத்து அனுப்புவோம்" என்றான். "அதையும் என் அக்காதான் நிரப்புவாள், குசினியில் இருந்து" என்றேன். வெடியைப் பற்றிச் சொன்னபோது, "அழகான பண்டிகை வழக்கம்" என்றான். அப்போதுதான் எழும்பிப் போய்க் கந்தனைச் சுவரிலிருந்து கிழித்தேன். "இவன் பொய். நான் செய்த பொய். வெட்கத்தில் செய்தது. யாராவது அங்கே போய்ப் பார்க்கும் முன் இந்தச் செயலி வெளியே போனால் என் பெயரை எடுத்துவிடு, என்னையும் எடுத்துவிடு" என்றேன். இந்த நாட்டில் கூட்டத்தில் குரல் உயர்த்துவது பெரிய குற்றம். அன்று முழுக்க ஒருவரும் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் ஹென்ரிக் வந்து, அங்கே நுளம்பு கடிக்காமல் இருக்க என்ன பூச வேண்டும் என்று கேட்டான்.

செட்டிபாளையத்தில் அத்தான் அவனைத் தோணியில் ஏற்றினார். போனையும் கொண்டுவரட்டும் என்றார். நானும் பின்னால் இருந்தேன். ஹென்ரிக்கின் கையில் வலையைக் கொடுத்தார். அவன் கொஞ்சம் இழுத்தான். பிறகு நான் சோதனை எச்சரிக்கையை அனுப்பினேன். போன் அலறியது. உப்புத் தண்ணீரும் பாசியும் ஒட்டிய விரலால் அமத்தினான், அசையவில்லை. காற்சட்டையில் துடைத்தான், காற்சட்டையும் ஈரம். மூக்கால் அமத்திப் பார்த்தான்.

"தம்பிக்கிட்ட கேளு புள்ள," என்றார் அத்தான், "மின்னல் இவ்வளவு நேரமும் நிண்டு பாத்துக்கொண்டு நிக்குமாமா?"

மொழிபெயர்த்தேன். ஹென்ரிக் சிரிக்கவில்லை. போனைப் பையில் வைத்துவிட்டுக் கரையைப் பார்த்தான். அங்கே அக்கா வெடியோடு நின்றாள். சோதனைக்குத்தான் என்று சொல்லியிருந்தும் இரண்டையும் கொளுத்திப் போட்டாள். தூரத்தில் நின்ற நாலு தோணிகள் எங்களை ஒன்றும் கேட்காமல் கரைக்குத் திரும்பின. ஹென்ரிக் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்கள் இதைவிட நன்றாக ஒன்றும் செய்யவில்லை" என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது.

திரும்பி வந்து திரையை மாற்றினோம். இப்போது எச்சரிக்கை கரையில் நிற்கிறவளுக்கு. கேள்வியும் ஒன்றுதான்: "ஆற்றில் நிற்கிறவருக்குச் சொல்லியாச்சா?" இல்லை என்றால் சிவப்பு அப்படியே இருக்கும். வானம் கறுப்பதற்கு முன்பே அலறும்படி மாற்றியதுதான் நாங்கள் கொடுத்த ஒரே உதவி. மிச்சம் எல்லாம் அவர்களுடையது. கூட்டங்களில் இதை என் வெற்றி என்று சொல்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். பிடிக்காமல் இருக்கட்டும்.

என்னைப்போல் வெளியே வந்து, "நீ அந்த ஊர்தானே, நீயே சொல்லு" என்று கேட்கப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொல்லாதீர்கள். ஊரை நீங்கள் சுமந்துகொண்டு வரவில்லை, விட்டுவிட்டு வந்தீர்கள். ஊருக்குப் போய்ப் பார்க்க டிக்கெட் கேளுங்கள். தர மறுத்தால் சத்தம் போடுங்கள். ஊரிலே இருக்கிறவர்களுக்கும் ஒன்று: படிச்ச ஆக்கள் பச்சை காட்டினால் வெடியை வைத்துவிடாதீர்கள்.

என் போனிலும் அந்தச் செயலியைச் செட்டிபாளையத்துக்கு வைத்திருக்கிறேன்; எந்த வீடு பதில் சொன்னது என்பதும் அதில் தெரியும். போன கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன், டிராம் தரிப்பில் உறைபனிக்குள் நின்றபோது அது அலறியது. பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். ஒரு கையுறையைப் பல்லால் இழுத்தேன். ஆற்றில் நிற்கிறவருக்குச் சொல்லியாச்சா என்று திரை கேட்டது. என்னிடம் வெடி இல்லை. அமத்தினால் பொய். டிராம் வந்தது, போனது. திரையில் அக்கா வீட்டுப் பெயருக்குப் பக்கத்தில் 'சொல்லியாச்சு' என்று விழும்வரை, ஒரு கை உறைக்குள்ளும் மற்றது வெறுமையாகவும், அங்கேயே நின்றேன்.